சிட்னியிலிருந்து லண்டன்: அம்மாவை எந்த வழியாகக் கூட்டிப் போவது?

அக்கா மகளுக்குத் தை மாதக் கடைசியில் லண்டனில் கல்யாணம். நானும் அம்மாவும் சிட்னியிலிருந்து போக வேண்டும். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், ஆனால் பயணம் என்றால் முகம் மலர்ந்துவிடும். டிக்கெட் பார்க்க உட்கார்ந்த முதல் ராத்திரியே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த வழியா போனாப்பா கிட்டக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று ஒவ்வொரு வழிக்கும் தூரம் கணக்குப் போட ஆரம்பித்தேன். மூன்று ராத்திரி அதிலேயே போனது. கடைசியில் புரிந்தது, இந்த முடிவில் தூரத்துக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை என்று.

சிட்னி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்தால் வரும் தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். ஹாங்காங்கில் இறங்கி மாறினால் இரண்டு துண்டையும் கூட்டி அதே 17,020தான் வருகிறது, ஏனென்றால் ஹாங்காங் அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர் வழி 17,175. துபாய் வழி 17,540. தோஹா வழி 17,615. பெர்த் வழி 17,785. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த கணக்கு: சிங்கப்பூரில் ஒரு தடவை, சென்னையில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் இறங்கி ஏறினாலும் 17,450தான். ஒரே இடத்தில், அதுவும் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இறங்கும் பெர்த் வழியைவிட இது 300 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. அம்மா நம்பவில்லை, "ஊருக்குப் போயிட்டுப் போனா சுத்து இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

காரணம் எளிமையானது. லண்டனிலிருந்து பூமிக்கு நடுவாகத் துளை போட்டால் மறுபக்கம் வெளியே வருவது நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே கடலில். சிட்னி அந்த இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள், காம்பு லண்டன், அடிப்பக்கம் சிட்னி. காம்பிலிருந்து அடிக்கு எந்தக் கோட்டைப் பிடித்து விரலை ஓட்டினாலும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். சிட்னி சரியாக அடியில் இல்லாமல் கொஞ்சம் ஆசியாப் பக்கம் சரிந்து இருப்பதால் ஆசியா வழியான எல்லாக் கோடுகளும் நமக்குச் சாதகம். அமெரிக்கப் பக்கம் போனால்தான் வித்தியாசம் தெரியும்: லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 20,800 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, அதோடு அங்கே விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க இமிகிரேஷனில் நின்று உள்ளே போய்த்தான் வர வேண்டும். அதை முதல் நாளே விட்டுவிட்டேன்.

மிச்சமுள்ள வழிகளில் அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவில் 770 கிலோமீட்டர்தான். பெரிய விமானங்கள் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் போகின்றன, ஆக அது ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு டிரான்சிட்டில் செக்யூரிட்டி வரிசை நீண்டுவிட்டால் அந்த ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். அதனால் தூரத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டேன். ஒரே மூச்சில் உட்கார வேண்டிய நீண்ட துண்டு எவ்வளவு? இறங்குகிற இடத்தில் அம்மா எவ்வளவு நடக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் உடம்புக்கு மணி என்ன?

அதற்கு முன்னால் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விமானம் பறக்கும் உயரத்தில், வெப்பமண்டலத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. சிட்னியிலிருந்து லண்டன் போவது மேற்கு நோக்கி, அதாவது காற்றை எதிர்த்து. சந்தேகம் இருந்தால் சிட்னி–பெர்த் அட்டவணையைப் பாருங்கள்: போக 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், திரும்பி வர 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதே பாதை, அதே மாதிரி விமானம். அதிலும் வட பாதிக்குக் குளிர்காலமான ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பக்கக் காற்று இன்னும் பலமாக இருக்கும், நாங்கள் போவது சரியாக அப்போதுதான். ஆக இணையத்தில் எங்காவது "சிட்னி–லண்டன் இத்தனை மணி நேரம்" என்று ஒற்றை எண் போட்டிருந்தால் அது எந்தத் திசைக்கு என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

பெர்த்திலிருந்து லண்டனுக்கு ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸ் 2018 மார்ச்சில் நான்-ஸ்டாப் தொடங்கியது, போயிங் 787-9 விமானம், 14,500 கிலோமீட்டர், மேற்காகப் போகும்போது பதினேழரை மணி நேரம் அளவில். பெர்த்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம், அவர்களிடம் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் சிட்னிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. இங்கிருந்து பெர்த்துக்கு 5 மணி நேரம், அங்கே 2 அல்லது 3 மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் பதினேழரை. கூட்டினால் 25 மணி நேரம். "நான்-ஸ்டாப்" என்ற சொல் காதில் விழுந்ததும் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழி இதைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே லண்டனில் இறக்கிவிடுகிறது.

அந்த வழிக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. 787 விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு ஈடாக வைக்கப்படுகிறது, பழைய தலைமுறை விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். ஈரப்பதமும் கொஞ்சம் அதிகம். தொண்டை வறட்சியும் தலைவலியும் குறைவாக இருக்கும் என்பதை நான் தனியாகப் போனபோது உணர்ந்தேன். பெர்த்தில் சாயங்காலம் ஏறி, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, இன்னொரு தடவையும் தூங்கி, விடியற்காலை 5 மணியளவில் ஹீத்ரோவில் இறங்கலாம். உட்கார்ந்த இடத்தில் தூங்கத் தெரிந்தவர், முழங்கால் நன்றாக இருப்பவர், நடுவில் எழுந்து ஓடுவதை வெறுப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். எனக்கு மட்டும் என்றால் எடுத்திருப்பேன்.

அம்மாவுக்கு இல்லை. முன்பு ஒரு தடவை 14 மணி நேர விமானத்தில் வந்து இறங்கியபோது அம்மா செருப்பைப் போட முடியாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கி, வாரை கடைசித் துளைக்கு இழுத்தும் பாதம் உள்ளே போகவில்லை. குதிகாலை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் சீட் வரிசையையும் பிடித்துக்கொண்டு நடந்தார். வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது. கால் அசையாமல் நீண்ட நேரம் உட்காருவதால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான், வயதானவர்களுக்கு அது இன்னும் முக்கியம். பதினேழரை மணி நேரம் என்பதை அதற்கு மேல் யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, ஈரான் பக்கம் பதற்றம் வரும்போது முதலில் அடி வாங்குவது இந்தப் பாதைதான். 2024 ஏப்ரலில் அந்த வான்வெளியைத் தவிர்த்துச் சுற்ற வேண்டியிருந்தபோது, முழுப் பயணிகளோடு அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் போதாது என்று பெர்த்–லண்டன் விமானத்தைச் சிங்கப்பூரில் இறக்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனார்கள். லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானம் மட்டும் காற்றின் தயவால் நான்-ஸ்டாப்பாகவே தொடர்ந்தது. எரிபொருளின் எல்லையில் பறக்கும் விமானத்துக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சிங்கப்பூர் வழி. இதைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். சிட்னி–சிங்கப்பூர் 6,300 கிலோமீட்டர், 8 மணி நேரம். சிங்கப்பூர்–லண்டன் 10,880 கிலோமீட்டர், சுமார் 14 மணி நேரம். குவாண்டாஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒரே விமான எண்ணில் சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கியில் நின்று போகின்றன, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போனால் அங்கே விமானம் மாற வேண்டும். ஒரே எண் என்பதால் இருந்த சீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், சாங்கியில் எல்லோரையும் இறக்கி, திரும்பச் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். சாங்கியில் பெரும்பாலான டெர்மினல்களில் செக்யூரிட்டி பொதுவான இடத்தில் இல்லை, ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் தனித்தனியாக இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். போன தடவை எங்கள் கேட்டுக்குள் கழிவறை இல்லை. அம்மா உள்ளே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் கேட்டார், வெளியே கூட்டிப் போய்விட்டு மறுபடி வரிசையில் நின்று, மறுபடி வளையலைக் கழற்றி, மறுபடி பையை பெல்ட்டில் போட்டு உள்ளே வந்தோம். கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கழிவறைக்குப் போய்விடுங்கள், இது சின்ன விஷயம்தான், ஆனால் வயதானவர்களோடு போகும்போது பயணமே இந்த மாதிரி விஷயங்களால்தான் ஆகிறது.

நேரத்தைப் பார்த்தால் இந்த வழியில் லண்டன் விமானம் சிங்கப்பூரை விட்டுப் புறப்படுவது பெரும்பாலும் இரவில். ஜனவரியில் சிட்னி மணி சிங்கப்பூரைவிட 3 மணி நேரம் முன்னால் ஓடும், அதாவது சிங்கப்பூரில் இரவு 11 என்றால் உடம்புக்கு அதிகாலை 2. தூக்கம் சொக்கும் நேரத்தில் 14 மணி நேரத் துண்டு ஆரம்பிக்கிறது, இறங்கும்போது லண்டனில் காலை. தூங்குவதற்கு இது நல்ல அமைப்பு. ஆனால் அந்தத் தூக்கம் சொக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் சாங்கியில் எழுந்து நடந்து நிற்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு வழி உண்டு, சிங்கப்பூரில் ஒரு இரவு தங்கிவிடுவது. சாங்கி டெர்மினல்களுக்குள்ளேயே டிரான்சிட் ஓட்டல் இருக்கிறது, இமிகிரேஷன் தாண்டாமலே கட்டிலில் கால் நீட்டிப் படுக்கலாம், குளிக்கலாம்.

துபாய், தோஹா இரண்டையும் ஒன்றாகவே பார்க்கலாம். இங்கே துண்டுகள் தலைகீழ்: முதலில் 14 மணி நேரத்துக்கு மேல், அப்புறம் ஏழு, ஏழரை. நீண்ட துண்டை உடம்பு புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுவது எனக்குப் பிடித்த அமைப்பு, பாதி தூக்கத்தில் எழுந்து மாறினாலும் மிச்சம் இருப்பது கொஞ்சம்தானே என்ற தெம்பு இருக்கும். ஆனால் அந்த நிலையங்கள் பெரியவை, மாறும் நேரம் நள்ளிரவு தாண்டியோ விடியற்காலையிலோ விழும், கேட்டுக்குக் கேட் நடையும் அதிகம். அதோடு 2025 ஜூன் 23 அன்று தோஹா வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏகப்பட்ட விமானங்கள் வழி மாற வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேரும் கணக்கில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

ஹாங்காங், வரைபடத்தில் எல்லாவற்றையும்விட அழகான கோடு. ஆனால் அந்த நேர்கோடு ரஷ்யாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து பிரிட்டிஷ் விமானங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கும் அந்த வான்வெளி மூடியிருக்கிறது, அதைத் தவிர்த்துத் தெற்காகச் சுற்றினால் ஹாங்காங்–லண்டன் 9,630 கிலோமீட்டர் என்ற கணக்குக் காகிதத்தில்தான். 9 மணி நேரம், அப்புறம் 14 மணி நேரம் என்று சிங்கப்பூர் மாதிரியே ஆகிவிடுகிறது. தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பைச் சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து கொழும்பு 8,760 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து லண்டன் 8,715 கிலோமீட்டர். பயணத்தைச் சரிபாதியாக அறுத்துவைத்த மாதிரி இருக்கிறது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இரண்டு பக்கமும் நேராகப் பறக்கிறது, ஒவ்வொரு துண்டும் 10 அல்லது 11 மணி நேரம். இதுவரை சொன்ன மற்ற எல்லா வழியிலும் 14 மணி நேரமோ அதற்கு மேலோ ஒரு துண்டு இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்த வான்வழி உறவு புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய் லண்டன் பாதை அறுந்ததும், 1943 முதல் 1945 வரை கேடலினா என்ற கடல்விமானங்கள் பெர்த்துக்கும் தெற்கு இலங்கையின் கொக்கலைக்கும் இடையே நிற்காமல் பறந்தன. 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை ஆகுமாம், ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பதால் அதற்கு "இரட்டை உதயம்" என்றே பெயர். அந்த மெதுவான விமானத்தில் மூன்றே மூன்று பயணிகள்தான் ஏற முடியும், அதைப் படித்த ராத்திரி 14 மணி நேரத்தைப் பற்றிப் புலம்புவதைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டேன்.

கொழும்பு வழி மனதுக்குப் பிடித்தும் நான் அதோடு நிற்காததற்குக் காரணம் அம்மாதான். வரைபடத்தில் கொழும்பைக் காட்டியதும் விரலை ஒரு அங்குலம் மேலே நகர்த்தி, "இவ்வளவு தூரம் வந்துட்டு மெட்ராஸ் போகாமலா?" என்றார். அப்புறம்தான் பொங்கல் நினைவுக்கு வந்தது. கல்யாணம் பிப்ரவரி முதல் வாரம். ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பினால் போகிக்கு முன்னால் சென்னையில் இருக்கலாம். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் போகிறது, 8,230 கிலோமீட்டர், 11 மணி நேரம் அளவில். சிட்னியிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை, அதனால் சிங்கப்பூரில் மாற வேண்டும்: 8 மணி நேரம், அப்புறம் 4 மணி நேரம். ஆக மொத்தப் பயணத்தில் நீண்ட துண்டே 11 மணி நேரம்தான், அதுவும் பதினைந்து நாள் சித்தி வீட்டில் ஓய்வெடுத்த பிறகு. நேர வித்தியாசமும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஜனவரியில் சிட்னிக்கும் லண்டனுக்கும் 11 மணி நேர வித்தியாசம், இதில் சென்னைக்கு வரும்போதே ஐந்தரை கழிந்துவிடும், மிச்சம் ஐந்தரைதான். மாத்திரை நேரத்தை மாற்றுவதற்கும் இதுதான் வசதி, ஒரேயடியாகப் பகலை இரவாக்க வேண்டாம். எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது என்று அம்மாவின் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறோம்.

செலவு கூடுமா என்றால் கூடும், பொங்கல் நேரத்தில் சென்னை டிக்கெட் மலிவாகக் கிடைக்காது. ஒரே டிக்கெட்டாக மல்ட்டி-சிட்டி போட்டுப் பார்த்தேன், தனித்தனியாகவும் பார்த்தேன். எங்கள் விஷயத்தில் தனித்தனி டிக்கெட் குறைவாக வந்தது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடுவில் பல நாள் இருந்தால் தனித்தனி டிக்கெட்டில் ஆபத்து இல்லை. ஒரே நாளில் மாறுவதற்கு மட்டும் தயவுசெய்து தனி டிக்கெட் போடாதீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் பணம் மிச்சம் என்று நான் அப்படிப் போனேன். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போகாது, நானே எடுக்க வேண்டும், அதற்கு இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும், திரும்ப செக்-இன் வரிசை. கவுண்டருக்கு மூச்சு வாங்க ஓடிப்போய் நின்றபோது மூடி ஆறு நிமிடம் ஆகியிருந்தது. முதல் விமானக்காரர்கள் "உங்களை இங்கே கொண்டு வந்து சேர்த்துவிட்டோம்" என்றார்கள், இரண்டாவது விமானக்காரர்கள் "நீங்கள் வரவில்லை" என்றார்கள். விதிப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. புது டிக்கெட் வாங்கிவிட்டு ஒன்பது மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மிச்சப்படுத்தியதைப் போல மூன்று மடங்கு போனது. அம்மா அன்று கூட இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

தாமதத்துக்கு இழப்பீடு என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், பிரிட்டனுக்கு வரும் விமானத்துக்குப் பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனம் ஓட்டினால்தான் பொருந்தும். நீண்ட தூரத்தில், நிறுவனத்தின் தவறால் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 520 பவுண்டு வரை கேட்கலாம். இதை வைத்து வழியை முடிவு செய்ய வேண்டாம், ஆனால் இரண்டு வழி சமமாக நின்றால் இது ஒரு பக்கம் சாய்க்கும். அப்புறம், ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனுக்குப் போவதற்கு முன் இ-டி-ஏ என்ற மின் அனுமதி வாங்க வேண்டும். முன்பு வேண்டியதில்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நண்பர் ஒருவர், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சிட்னி–லண்டன் நேராகவே வந்துவிடுமே என்றார். குவாண்டாஸ் அதற்காகத்தான் ஏ350-1000 விமானத்தில் கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி வைத்து, சீட்டை 238 ஆகக் குறைத்து வாங்குகிறது, 2027 முதல் பாதியில் தொடங்கத் திட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். 20 மணி நேரம் அளவில் ஆகும். 1947 டிசம்பரில் கங்காரு பாதை என்ற குவாண்டாஸின் சிட்னி–லண்டன் சேவை தொடங்கியபோது டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடம் நின்று நான்கு நாள் ஆனதை நினைத்தால் இது மலைக்க வைக்கிறது, முதல் விமானத்தைப் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் கவனியுங்கள், 1989 ஆகஸ்டில் ஒரு 747-400 இதே தூரத்தை 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் கடந்ததும், 2019 நவம்பரில் ஒரு 787-9 சோதனையாக 19 மணி 19 நிமிடத்தில் கடந்ததும் லண்டனிலிருந்து சிட்னிக்கு, காற்று பின்னால் தள்ளிய திசையில். எதிர்க்காற்றில் தினமும் பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டன் போவதுதான் கடினமான பாதி. அது வந்தாலும் அம்மாவை அதில் ஏற்ற மாட்டேன். பெர்த் வழியில் பதினேழரையே வேண்டாம் என்று சொன்னவன் 20 மணி நேரத்துக்கு எப்படிச் சம்மதிப்பேன்.

திரும்பி வருவதை வேறு மாதிரி யோசித்தோம். கல்யாணக் களைப்பு இருக்கும், சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருக்கும். கிழக்கு நோக்கி வரும்போது பறக்கும் நேரம் குறைவு, ஆனால் உடம்பு புது நேரத்துக்குப் பழகுவது மேற்கே போவதைவிடக் கடினம், காலண்டரிலும் இரண்டு தேதி தாண்டிவிடும். லண்டனில் இரவு கிளம்பி, சாங்கியில் ஒரு இரவு கட்டிலில் படுத்து, மறுநாள் பகல் விமானத்தில் சிட்னி வருவது என்று முடிவு. பெர்த் வழியாகத் திரும்பினால் முதலில் கால் வைக்கும் ஆஸ்திரேலிய நிலையமான பெர்த்திலேயே இமிகிரேஷன், பெட்டி, தாவரத் தடைச் சோதனை எல்லாம் முடித்து, பெட்டியை மறுபடி உள்நாட்டு விமானத்தில் போட வேண்டும். அக்கா கட்டிக் கொடுக்கும் பொடி, வடகம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி, பெட்டியைத் திறந்து காட்டி, திரும்ப மூட வேண்டியிருக்கும். அதைச் சிட்னியில், வீட்டுக்கு அரை மணி தூரத்தில் செய்துகொள்கிறோம்.

ஆக டிக்கெட் போட்டாகிவிட்டது: சிட்னி, சிங்கப்பூர், சென்னை, பதினைந்து நாள் கழித்து ஹீத்ரோ. அம்மாவுக்கு ஐல் சீட், பக்கத்தில் நான், கழிவறைக்கு நாலு வரிசை முன்னால். வீல்சேர் இரண்டு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன், ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குத் தானாகப் போகாது. சிட்னி கேட்டில் மட்டும் நடந்தே வருகிறேன் என்கிறார் அம்மா. கொஞ்சம் பெரிய அளவில், வாரை ஒட்டிப் பிரிக்கிற மாதிரி ஒரு செருப்பு வாங்கி, இப்போதே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்.